சுண்ணாம்பு பட்ட கண்: கருவிழி ஓரத்தின் நூறாண்டுக் கதை

கண்ணில் "பூ விழுந்துவிட்டது" என்று எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் சொல்வார்கள். கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு படர்ந்து பார்வையை மறைப்பதற்கு இவ்வளவு மென்மையான ஒரு பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. அந்தப் பூ தானாக உதிர்வதில்லை.

அம்மை, சத்துக்குறைவு, அறுப்பின்போது குத்தும் நெற்கதிர், தீபாவளிப் பட்டாசு என்று பூ விழக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் சுண்ணாம்பு பட்ட கண்ணின் கதை தனி. மற்ற தழும்புகளுக்குக் கருவிழியை மாற்றிப் பார்வை கொடுக்கக் கற்றுக்கொண்ட பிறகும், சுண்ணாம்பு பட்ட கண்ணில் மட்டும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். ஏன் தோற்றார்கள், பிறகு எப்படி வென்றார்கள் என்பதை ஓய்வுக்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்டெம் செல் என்ற சொல் இன்று விளம்பரங்களில் படாத பாடு படுகிறது. அது உண்மையிலேயே பலன் தந்த இடங்களுள் முக்கியமான ஒன்று நம் கண்ணின் ஓரம் என்பதால் இதை எழுதுகிறேன்.

கறுப்பு இல்லாத கருவிழி

பேச்சில் கருவிழி என்கிறோமே தவிர அதற்குக் கறுப்பு நிறம் கிடையாது. அது கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல முன்னால் இருக்கும் ஒரு தெளிவான மூடி. நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர், குறுக்களவு சுமார் 11, 12 மில்லிமீட்டர். பின்னால் இருக்கும் திரையின் நிறம்தான் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது.

கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் ஒளி தடைப்படும். தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. அதன் மேல்தோல் ஐந்தாறு அடுக்குச் செல்களால் ஆனது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து உதிர்கிறது. ஒரு வாரம் பத்து நாளுக்குள் பழைய தோல் போய்ப் புதிய தோல் வந்துவிடும். இந்தப் புதிய தோல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வெகுகாலம் சரியான விடை கிடைக்கவில்லை.

1905: ஒரு கூலித் தொழிலாளியின் கண்

இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸ் என்ற ஊர் அன்று ஆஸ்திரிய ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. அங்கே எட்வர்ட் சிர்ம் என்ற கண் மருத்துவரிடம் அலோயிஸ் குளோகர் என்ற கூலித் தொழிலாளி வந்தார். சுண்ணாம்பு வேலையில் இரண்டு கண்களும் வெந்து பார்வை போயிருந்தது. அதே சமயம் கண்ணில் இரும்புத் துணுக்கு பாய்ந்த ஒரு பதினொரு வயதுச் சிறுவனும் வந்தான். அவன் கண்ணைக் காப்பாற்ற முடியாமல் அகற்ற வேண்டியிருந்தது. ஆனால் அதன் கருவிழி தெளிவாக இருந்தது. 1905 டிசம்பர் 7 அன்று அந்தக் கருவிழியிலிருந்து எடுத்த துண்டுகளைக் குளோகரின் இரண்டு கண்களிலும் சிர்ம் பொருத்தினார். ஒரு கண் தேறவில்லை. மற்றது தெளிந்தது. அவர் மறுபடி வேலைக்குப் போனார்.

மனிதருக்கு மனிதர் கருவிழி மாற்றியதில் முதல் வெற்றி இதுதான் என்று மருத்துவ வரலாறு பதிந்திருக்கிறது. அதில் ஒரு விசித்திரம் பாருங்கள். பின்னால் வந்தவர்களை எல்லாம் தோற்கடித்த சுண்ணாம்புக் காயத்தில்தான் அந்த முதல் வெற்றியே கிடைத்தது! இன்றைய அறிவைக் கொண்டு ஊகித்தால், தேறிய அந்தக் கண்ணின் ஓரம் முழுவதும் வெந்திருக்காது. அன்று யாருக்கும் ஓரத்தைப் பற்றிய நினைப்பே இல்லை.

1930-களில் ரஷ்யப் பேரறிஞர் விளாதிமிர் ஃபிலாத்தோவ் ஒடெஸா நகரில், இறந்தவர்களின் கருவிழியையும் பயன்படுத்தலாம் என்று பலருக்குச் செய்து காட்டினார். கண் தானம் என்ற எண்ணம் அதன் பிறகுதான் பரவியது. 1944-ல் நியூயார்க்கில் கண் வங்கி வந்தது. மறு ஆண்டே, 1945-ல், நம் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். 1819-லிருந்து நடந்துவரும் ஆஸ்பத்திரி அது. நம்மில் பலருக்கு அந்தச் சிவப்புக் கட்டடம் நினைவிருக்கும்.

கொடுத்துவைக்காத கண்

என்னோடு படித்த ஒருவனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் சிறுவயதில் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்புக் காளவாயிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்து தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது புகைந்து கொதிக்கும். சிறுவர்களுக்கு அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதில் தனி உற்சாகம். அப்படி நின்றபோது தெறித்த ஒரு கட்டி அவன் வலது கண்ணில் விழுந்தது. ஒரு பாட்டி தாய்ப்பால் விடச் சொன்னார். இன்னொருவர் விளக்கெண்ணெய் விட்டார். குடம் குடமாகத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் அதை விட்டுக் கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கண் வெளுத்துப்போயிற்று.

வேலைக்குப் போன பிறகு, எழுபதுகளின் நடுவில், ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கருவிழி மாற்றினார்கள். கட்டுப் பிரித்த அன்று எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரில் தேதியைப் படித்ததாக எனக்குக் கார்டு போட்டிருந்தான். ஏழெட்டு மாதம் கழித்து வந்த கார்டில், "மறுபடி மங்கிவிட்டது. எனக்குக் கொடுத்துவைக்கவில்லை" என்று மட்டும் இருந்தது.

அது அவன் தலையெழுத்து இல்லை. மருத்துவர் கைராசியும் இல்லை. அன்று உலகம் முழுவதும் சுண்ணாம்பு, காரம், அமிலம் பட்ட கண்களில் நடந்தது அதுவே. புதுக் கருவிழி சில மாதம் பளிச்சென்று இருக்கும். பிறகு வெள்ளை விழியின் தோல் சிவந்த நரம்புகளோடு ஓரத்தைத் தாண்டி ஏறி வந்து மூடிவிடும்.

ஓரத்தில் ஒரு நாற்றங்கால்

1971-ல் நார்வே நாட்டைச் சேர்ந்த டவாங்கர், எவென்சன் என்ற இருவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். நிறமி உள்ள கண்களில் கருவிழிக் காயம் ஆறும்போது, ஓரத்து நிறமி நடுவை நோக்கி நகர்வதை அவர்கள் கவனித்தார்கள். அதை வைத்து, கருவிழியின் மேல்தோல் நடுவில் பிறப்பதில்லை, கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் பிறந்து நடுவுக்கு நகர்ந்து வருகிறது என்று சொன்னார்கள். அந்த ஓரத்துக்கு லிம்பஸ் என்று பெயர். அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

கருத்து உடனே ஏற்கப்படவில்லை. 1986-ல் நியூயார்க்கில் டுங் டியன் சன் குழுவினர் செல்களுக்குள் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தை ஆராய்ந்து, முதிராத தாய்ச்செல்கள் ஓரத்தின் அடி அடுக்கில்தான் இருக்கின்றன என்று காட்டினார்கள். 1989-ல் அதே குழு, அவை மெதுவாகப் பிரியும் இயல்புடையவை என்றும், காயம் பட்டால் விழித்துக்கொண்டு வேகமாகப் பெருகுகின்றன என்றும் கண்டது. இவைதான் கண்ணின் ஸ்டெம் செல்கள். தமிழில் குருத்தணு என்கிறார்கள். நல்ல பெயர். வாழையில் எத்தனை இலை அறுத்தாலும், குருத்து இருக்கும்வரை அடுத்த இலை வரும். குருத்து அழுகினால் மரம் அவ்வளவுதான்.

இப்போது பழைய தோல்விக்குக் காரணம் விளங்கியது. கருவிழி மாற்றும்போது நடுவில் ஏழு எட்டு மில்லிமீட்டர் வட்டத்தை மட்டும்தான் வெட்டி வைக்கிறார்கள். தானம் கொடுத்தவரின் மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தை நிரப்ப வேண்டியது வாங்கியவரின் ஓரம். சுண்ணாம்பில் ஓரமே வெந்துபோனவருக்கு யார் நிரப்புவார்கள்? நாற்றங்கால் கருகிய ஊரில் வயலை மட்டும் திரும்பத் திரும்ப உழுத கதைதான். என் தோழன் கண்ணில் நடந்ததும் இதுவே.

சுண்ணாம்பு ஏன் இத்தனை பொல்லாதது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான அமிலங்கள் பட்ட இடத்தில் புரதத்தை உறையவைப்பதால், அந்த உறைவே மேலும் உள்ளே போகாமல் ஓரளவு தடுக்கும். காரம் அப்படியில்லை. செல் சவ்வில் உள்ள கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். போதாததற்குச் சுண்ணாம்புத் துகள் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும்.

நாற்று எடுத்தல்

காரணம் தெரிந்ததும் வழியும் பிறந்தது. 1989-ல் அமெரிக்க மருத்துவர்கள் கென்யன், செங் இருவரும், நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து பட்டைகளை எடுத்துக் கெட்ட கண்ணில் ஒட்டி, 26 கண்களில் செய்த சிகிச்சையின் விவரத்தை வெளியிட்டார்கள். பலன் இருந்தது. ஆனால் பெரிய பட்டையாக எடுக்க வேண்டும். இருக்கும் ஒரே நல்ல கண்ணில் கத்தி வைக்க யாருக்குத்தான் துணிவு வரும்?

அதற்கான விடை தோல் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1975-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன், ரைன்வால்ட் இருவரும் மனிதத் தோல் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்துப் பெருக்கும் முறையைக் கண்டார்கள். எண்பதுகளில் உடல் முழுவதும் தீப்பட்ட இரண்டு சிறுவர்களை அப்படி வளர்த்த தோலைக் கொண்டே காப்பாற்றினார்கள். அந்த முறையைக் கண்ணுக்குக் கொண்டு வந்தவர்கள் இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெகிரினி, மிக்கேலே டெ லூக்கா. நல்ல கண்ணின் ஓரத்தில் ஒன்றிரண்டு சதுர மில்லிமீட்டர், அதாவது ஒரு கடுகளவு மட்டும் எடுத்து, ஆய்வகத்தில் ஒரு முழு மேல்தோலாக வளர்த்து, காரம் பட்டு ஒரு கண் போன இருவருக்குப் பொருத்தினார்கள். 1997-ல் அதை வெளியிட்டார்கள்.

பிறகு அதே குழுவினர் 112 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2010-ல் கணக்குக் கொடுத்தார்கள். 76.6 சதவீதம் பேருக்குக் கருவிழி நிலையாகத் தெளிந்திருந்தது. அந்தக் கணக்கிலேயே இன்னொரு செய்தியும் இருந்தது. பி63 என்ற புரதத்தை நிறைய வைத்திருக்கும் செல்கள் ஸ்டெம் செல்லின் அடையாளம். வளர்த்த தோலில் அவை 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 78 சதவீதம் வெற்றி, குறைந்தால் 11 சதவீதம் மட்டுமே.

இந்த அடையாளம் காண்பதில் மதுரைக்கும் பங்கு உண்டு. அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன் குழுவினர், பி63 மிகுந்தும் செல்லின் அளவுக்கு உட்கரு பெரிதாகவும் இருப்பவையே கண்ணோரத்தின் ஸ்டெம் செல்கள் என்று பிரித்தறியும் முறையை 2005-லேயே வெளியிட்டிருந்தார்கள்.

2015-ல் ஐரோப்பிய ஒன்றியம் இத்தாலிய முறைக்கு ஹோலோகிளார் என்ற பெயரில் அனுமதி அளித்தது. ஸ்டெம் செல் மருந்தொன்றுக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். 2017-ல் பிரிட்டனில் ஒரு கண்ணுக்கு அதன் பட்டியல் விலை 80,000 பவுண்டு! சுண்ணாம்பு படுவதோ பெரும்பாலும் கொத்தனார், சித்தாள், ஏழை வீட்டுக் குழந்தைகள் கண்ணில்.

ஹைதராபாத்தில் நடந்தது

எல்.வி. பிரசாத் என்றால் நமக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். அவர் குடும்பத்தார் கொடுத்த நிலமும் பணமும் உதவ, ஹைதராபாத்தில் டாக்டர் குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் எண்பதுகளில் தொடங்கிய கண் மருத்துவ நிறுவனம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 2001 முதல் அங்கே டாக்டர் வீரேந்தர் சங்வான், நோயியல் நிபுணர் கீதா வேமுகண்டி, விஞ்ஞானி டி. பாலசுப்பிரமணியன் ஆகியோர் இந்தச் சிகிச்சையில் இறங்கினார்கள். (பாலசுப்பிரமணியனை இந்து நாளிதழின் அறிவியல் பத்தி வாயிலாக நம்மில் பலர் அறிவோம்.)

இத்தாலிய முறையில் செல்களை வளர்க்கச் சுண்டெலிச் செல்களும் கன்றுக்குட்டிச் சீரமும் வேண்டும். ஹைதராபாத்தில் எலிச் செல்லைத் தவிர்த்தார்கள். சிசேரியன் பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வைச் சோதித்துச் சுத்தம் செய்து, அதன் மேல் நோயாளியின் சொந்தச் சீரத்திலேயே வளர்த்தார்கள். இரண்டு வாரத்தில் நாற்று தயார். 2011-ல் 200 பேருக்கான கணக்கு வெளியானது. 71 சதவீதம் வெற்றி.

அடுத்து வந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம். கிண்ணத்தில் வளரும் செல், கண்ணிலேயே ஏன் வளரக்கூடாது? ஆய்வகம் எதற்கு? 2012-ல் சங்வான் குழுவினர் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். கெட்ட கண்ணின் மேல் படர்ந்த தசையை நீக்கிவிட்டுப் பனிக்குடச் சவ்வை விரிக்கிறார்கள். நல்ல கண்ணின் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் நீள அகலத்தில் ஒரு துணுக்கு எடுத்து, அதை எட்டுப் பத்துத் துண்டாக நறுக்கி, சவ்வின் மேல் இடைவெளி விட்டு வட்டமாக வைத்து, ஃபைப்ரின் என்ற பசையால் ஒட்டுகிறார்கள். எல்லாம் ஒரே அமர்வில் முடிந்துவிடும். துண்டுகளிலிருந்து செல்கள் படர்ந்து கருவிழியை மூடிக்கொள்கின்றன. எங்கள் பக்கம் யாருக்கும் இதை விளக்கவே வேண்டாம், நடவு என்றால் போதும்.

2016-ல் இந்த முறையில் 125 பேருக்குச் செய்த கணக்கு வந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைகள். 76 சதவீதம் வெற்றி. விலையுயர்ந்த ஆய்வகத்தில் கிடைத்த பலனுக்குச் சற்றும் குறைவில்லை. இன்று பல நாடுகளில் இதைக் கற்றுச் செய்கிறார்கள்.

இரண்டு கண்ணும் போனவர்களுக்கு

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு கண் நன்றாக இருப்பவர்களுக்கு. இரண்டும் போனால் நாற்றுக்கு எங்கே போவது? பிறர் கண்ணின் ஓரத்தை வைக்கலாம். ஆனால் உடல் அதைத் தள்ளிவிடாமல் இருக்க நெடுநாள் மருந்து சாப்பிட வேண்டும். ஜப்பானில் நோயாளியின் வாய்க்குள் இருக்கும் மென்தோலை எடுத்து வளர்த்துக் கண்ணில் வைத்தார்கள். ஒசாகாவின் கோஜி நிஷிதா 2004-ல் நான்கு பேருக்கு அப்படிச் செய்ததை வெளியிட்டார்.

அவரே 2019-ல் இன்னொரு படி போனார். முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கும் முறையை 2006-ல் கண்டு 2012-ல் நோபல் பரிசு பெற்றவர் ஷின்யா யமனாகா. அந்த முறையில் உருவாக்கிய செல்களிலிருந்து கருவிழித் தோலை வளர்த்து, ஒரு பெண்மணிக்குப் பொருத்தினார் நிஷிதா. நான்கு பேருக்குச் செய்த முடிவு 2024-ல் வந்தது. இரண்டு ஆண்டுகளில் பெரிய பாதகம் எதுவும் இல்லை. மூவருக்குப் பார்வை முன்னேற்றம் நிலைத்தது. நான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இன்னும் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

நம் வயதினருக்கு இரண்டு வார்த்தை

ஸ்டெம் செல் ஊசி போட்டால் விழித்திரை நோய் சரியாகும் என்று யாராவது சொன்னால் ஒன்றுக்குப் பத்து முறை யோசியுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், முதுமையில் வரும் விழித்திரைத் தேய்வுக்காக வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்களிலும் ஊசியாகப் போட்டுக்கொண்ட மூன்று மூதாட்டிகள், இருந்த பார்வையையும் இழந்தார்கள். 2017-ல் மருத்துவ இதழில் அது பதிவாயிற்று. கருவிழி ஓரத்தில் கிடைத்த வெற்றி, எந்தச் செல், எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து பெற்றது. அந்தப் பெயரை மட்டும் கடன் வாங்கி விற்பவர்களிடம் அந்த ஆராய்ச்சி இருக்காது.

வெற்றிலை போடும் வீடுகளில் சுண்ணாம்பு இப்போது கரண்டகத்தில் இல்லை, பிளாஸ்டிக் பொட்டலத்தில் வருகிறது. குழந்தை கையில் கிடைத்து அழுத்தினால் நேரே கண்ணில் பீய்ச்சியடிக்கும். இந்தியக் கண் மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதிவருகிறார்கள். பேரக்குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பட்டுவிட்டால் எண்ணெயும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்த நிமிடமே குழாய்த் தண்ணீரில் கழுவத் தொடங்கி, அரைமணி நேரமாவது விடாமல் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பின்னால் செய்யும் எந்தச் சிகிச்சையையும்விட அந்த அரைமணித் தண்ணீர் அதிகம் காப்பாற்றும்.

இன்னொன்று. ஸ்டெம் செல் வந்துவிட்டதால் கண் தானம் தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஓரம் சரியானாலும், தழும்பு ஆழமாக இருந்தால் அதன் பிறகு கருவிழியும் மாற்ற வேண்டியிருக்கும். முன்பு தங்காத கருவிழி இப்போது தங்கும், அவ்வளவே. அந்தக் கருவிழிக்கு இன்னொருவர் கொடுத்தால்தான் உண்டு. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் எல்லோரும் கொடுக்கலாம், வயதும் தடையில்லை. உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, கண்ணை மூடி, இமை மேல் ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு நினைவு வராது. இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். கண் வங்கியின் தொலைபேசி எண்ணை எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவைப்பது இன்னும் நல்லது.